பிலோமினம்மாவின் பதக்கச் சங்கிலி

ஊர்காவற்றுறைக் கிளைக்கு நான் மாற்றலாகி வந்த முதல் நாளே, எங்கள் அதிகாரி பாலசிங்கம் வங்கியின் தேத்தண்ணிச் சீனியைத் தன் சாப்பாட்டுப் பைக்குள் கொட்டுவதைக் கண்டேன். பிறகு பேனை, சவர்க்காரம். முப்பது வருட உத்தியோகம், மாடி வீடு. ஆனாலும் ஓசிச் சவர்க்காரம் போட்டால்தான் அந்த மனுசனுக்கு ஊத்தை போகும்.

அடகு நகைப் பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று அவரிடம், மற்றது என்னிடம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் என் மேசையில் குனிந்தார்.

"பிள்ளை, உம்மட சாவியை ஒருக்காத் தாரும். மனிசியின்ர சொந்தத்தில ஞாயிறு கலியாணம். ஒரு சங்கிலி. திங்கள் காலமை திருப்பி வச்சிடுவன்."

கொடுத்தேன். என்னைப் பற்றியும் நல்லதாய்ச் சொல்ல ஒன்றுமில்லை.

அவர் எடுத்தது கரம்பொன் பிலோமினம்மாவின் பதக்கச் சங்கிலி. மகனின் வள்ளத்துக்கு இயந்திரம் வாங்க, கடல்பாசி மணக்கும் கையால் கொண்டுவந்து அடகு வைத்தவ.

திங்கள் காலை வெளிறிப்போய் வந்து, என்னைப் பெட்டக அறைக்குள் கூப்பிட்டார்.

"சங்கிலி துலைஞ்சு போட்டுது. தாலி கட்டுற நேரம் ஆரோ பின்னால நிண்டு கழட்டின மாதிரி இருந்ததாம். மனிசி திரும்பினா, ஒருத்தருமில்லை. கடல்பாசி மணம் மட்டும்."

சொல்லிக்கொண்டே தங்க முலாம் பூசிய சங்கிலியொன்றை உறைக்குள் போட்டு முத்திரை வைத்தார். கை நடுங்கவேயில்லை.

பத்து மணிக்குப் பிலோமினம்மாவின் மகள் ஜெயந்தா கறுப்பு உடுப்போடு வந்தாள்.

"அம்மா வெள்ளி இரவு மோசம் போயிட்டா, சேர்."

அவர் கதிரையைக் காட்டினார். அவள் நின்றபடியே சொன்னாள்.

"சாகேக்கையும் சங்கிலியைத்தான் கேட்டவ. நேற்று மத்தியானம் சவப்பெட்டியை மூடப் போனா, அது அம்மான்ர கழுத்தில கிடக்குது. ஆர் போட்டதெண்டு தெரியேல்லை. அதோடயே சேமக்காலையில தாட்டிட்டம். நீங்களோ சேர் குடுத்துவிட்டனீங்கள்?"



பாலசிங்கத்தின் முகத்தில் மெல்ல இரத்தம் திரும்பியது. சிரித்தார்.

"ஓம் பிள்ளை. மனம் கேக்கேல்லை. நான்தான் குடுத்துவிட்டனான்."

அவள் அழுதபடி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். அந்தக் கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. செத்தவளின் நகையைத் திருடி, மகளிடம் நன்றியும் வாங்கிக்கொண்டார்.

அவள் போனதும் என்னை அவசரப்படுத்தினார்.

"சாவியைத் தாரும். போலிச் சங்கிலியைக் கடையில திருப்பிக் குடுத்தாக் காசாவது மிஞ்சும்."

உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன்.

கடல்பாசி மணம்.

"ஆரது?" என்றார் உள்ளேயிருந்து.



வெளியே வந்தபோது வாய் திறந்திருந்தது. கழுத்தைச் சுற்றிச் சங்கிலி அகலத்தில் சிவந்த கோடு, ஈரமாய். நேரே தெருவில் இறங்கிப் போனார். தன் சொந்தப் பேனையைக்கூட எடுக்கவில்லை. பிறகு வேலைக்கு வரவேயில்லை.

இப்போது புது அதிகாரி. தினமும் காலையில் நாங்கள் பெட்டகத்தைத் திறக்க முன், உள்ளே நகை உறைகளை யாரோ ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்க்கும் சத்தம் கேட்கிறது. திறந்தால் ஒருத்தருமில்லை.

நேற்று அந்தச் சத்தம் நடுவில் நின்றது.

ஒரு செருமல்.

பிறகு, வயதான ஒரு பெண் குரலில், மிகவும் அருவருப்போடு, என் பெயர்.