பதினேழாம் நிறம்

கறை முதலில் கடுகளவுதான் இருந்தது. படத்தின் இடது ஓரத்தில், வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில், லேசாக அழுக்கு ஒட்டினாற்போல. இந்துமதி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பதினேழாம் கண்ணாடியில தூசி இருக்குங்க, கொஞ்சம் தொடச்சிருங்க" என்று மாடிக்குக் குரல் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

திருமயத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, தைலமரக் காட்டுக்கு நடுவில் இருந்தது அந்த வீடு. கீழே இரண்டு அறை. மேலே தகரக் கூரை நகர்ந்து திறக்கிற ஒரு அறை, அதில் ஒரு தொலைநோக்கி. வானத்தின் ஒரே துண்டை நாற்பது கண்ணாடி ஃபில்டர்கள் வழியாக நாற்பது முறை படமெடுப்பதுதான் அங்கே வேலை. ஒவ்வொரு கண்ணாடியும் ஒரே ஒரு மெல்லிய நிறத்தை மட்டும் உள்ளே விடும். மற்றதையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். நாற்பதையும் சேர்த்துப் பார்த்தால், எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வானத்துக்கே ஒரு வரைபடம் கிடைக்கும். பஸ் ஸ்டாப் டீக்கடையில் அவர்களுக்கு 'வானத்துக்கு ஸ்கேன் எடுக்குறவுங்க' என்று பெயர். அதில் தப்பும் இல்லை.

தினமும் இருட்டியதும், கூரையைத் திறப்பதற்கு முன்னால், வேட்டிப் படம் எடுக்க வேண்டும். மேல் அறைச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, விளக்குப் போட்டு, தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு கண்ணாடி வழியாகவும் படம் எடுப்பார்கள். வெறும் வெள்ளை. அதில் எங்கே கறை தெரிகிறதோ அங்கே கருவியில் தூசி என்று அர்த்தம். அந்தக் கறையைக் கணக்கில் வைத்து, வானப் படத்திலிருந்து கம்ப்யூட்டர் அதை அழித்துவிடும். இந்துமதி ஒன்பது நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கறையைப் பார்ப்பாள், அழிப்பாள், மறந்துவிடுவாள். துடைப்பதற்கு நாகராஜன் இருந்தான்.

நாகராஜன் அவள் கணவன். எட்டு வருடம் சிங்கப்பூரில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுப் போன வருடம்தான் ஊரோடு வந்திருந்தான். எட்டு வருடமாக ஃபோனில் வெறும் குரலாக இருந்த ஆள் இப்போது தலைக்கு மேலே செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்கிறான் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. இனி அவனை எங்கேயும் அனுப்புவதில்லை என்று வீம்பாக ஒரு முடிவு வைத்திருந்தாள். அதற்காகத்தான் மன்றாடி இந்த வேலையில் அவனையும் சேர்த்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் மாலை மேகம் மூடிக்கொண்டது. கூரையைத் திறக்க வழியில்லை. சரி, வேட்டிப் படமாவது நிறைய இருக்கட்டும் என்று, பதினேழாம் கண்ணாடியில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே இருக்கும்படி கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். காற்று நின்றுபோய், ஈரத்தில் நசுங்கிய தைல இலை வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்து மூக்கின் அடியில் தங்கிக்கொண்டது. எங்கேயோ ஒரு மயில் ஒருமுறை கத்தி நிறுத்தியது. மேலே தொலைநோக்கியின் மோட்டார் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.

முதல் படம் வந்தது. கறை இப்போது நடுவில் இருந்தது.

தூசி நகராது. கண்ணாடியில் ஒட்டிய தூசி ஒட்டிய இடத்திலேயே இருக்கும். அதுவும் நேற்றுத்தான் நாகராஜன் பழைய பதினேழைக் கழற்றிவிட்டு, பெட்டியிலிருந்த புதுக் கண்ணாடியை மாட்டியிருந்தான். அவள் பத்து நாள் படங்களையும் திரையில் வரிசையாக வைத்தாள். முதல் நாள் ஓரத்தில் ஒரு விளிம்பு. மூன்றாம் நாள் அந்த விளிம்பு ஒரு வளைவு. ஆறாம் நாள் வளைவுக்கு மேலே ஒரு உருண்டை. பக்கத்திலிருந்து மெதுவாக உள்ளே நுழைகிற ஒன்று. தோளும் தலையும்.

அதே மாலைகளில் பதினாறாம் கண்ணாடியில் எடுத்த படங்களைத் திறந்தாள். சுத்தமான வேட்டி. பதினெட்டு, அதுவும் சுத்தம். ஒரே அறை, ஒரே விளக்கு. அந்த ஒரு நிறத்தில் மட்டும் வேட்டிக்கு முன்னால் யாரோ நின்றிருந்தார்கள். கறை என்று நினைத்து ஒன்பது நாள் அவள் அழித்தது அதைத்தான். துடைத்துவிட்டு வாருங்கள் என்று ஒன்பது நாள் அவனை அனுப்பியதும் அங்கேதான். அவள் கை ஃபோனைத் தேடியது.

"என்னங்க, கீழ வாங்க."

"ஏன் இந்து, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. வாங்க சொல்றேன். உடனே வாங்க."

"இந்தா வாரேன். வேட்டி அங்கிட்டு ஒரு பக்கம் சுருங்கிக் கெடக்கு. இழுத்து விட்டுட்டு…"

"வேணாம்! வேட்டிகிட்டப் போகாதீங்க!"

செருப்புச் சத்தம் நான்கு எட்டு நடந்தது. நின்றது. ஃபோனில் விளக்கின் இரைச்சல் மட்டும் கேட்டது. திரையில் அடுத்த படம் வந்தது. ஒரே உருவம்தான். முன்பைவிட அகலமாக.

"என்னங்க?"

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"என்னங்க!"

"வாரேன்" என்றான் நாகராஜன்.

படிக்கட்டில் இறங்கி வந்தான். நன்றாகத்தான் இருந்தான். இந்துமதிக்கு உயிரே திரும்பி வந்தது. எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். குளிர்ந்திருந்தது. மேலே மின்விசிறி ஓடியிருக்கும். அதற்குள் அடுத்த படமும் வந்திருந்தது. வெள்ளை வேட்டி. கறையே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

"பயந்தே போயிட்டேங்க. உக்காருங்க, சாப்பிடுங்க. நாளைக்கு இத மூட்ட கட்டிட்டு புதுக்கோட்டைக்குப் போயிருவோம்."

அவன் உட்கார்ந்தான். தோசையைப் பிட்டு வாயில் போட்டான். சட்னியைத் தொடவில்லை. அவன் தட்டில் இன்னொன்றை வைத்துவிட்டு அவள் தற்செயலாகத் திரைப்பக்கம் திரும்பினாள்.

புதிய படம்.

நடுவில் ஒரு உருவம். முந்தையது அல்ல. இது குட்டை. இடது தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. சிங்கப்பூரில் சாரத்திலிருந்து விழுந்து எலும்பு கோணலாகச் சேர்ந்த தோள். அந்தத் தோளை அவளுக்கு எந்த இருட்டிலும் தெரியும்.

பதினாறாம் கண்ணாடிக்கு மாற்றி ஒரு படம் எடுத்தாள். வெறும் வேட்டி. பதினெட்டு. வெறும் வேட்டி. மறுபடி பதினேழு.

அவன் அங்கேதான் இருந்தான். ஒரு எட்டு முன்னால் வந்திருந்தான்.

பக்கத்தில் மென்று விழுங்கும் சத்தம். அவள் கழுத்தை மட்டும் திருப்பினாள். சாப்பிடுகிறவனின் இரண்டு தோளும் ஒரே மட்டமாக இருந்தன.

மேலே செருப்புச் சத்தம் இல்லை. தட்டுகிற சத்தம் இல்லை. எதுவும் இல்லை. மோட்டாரின் முனகல் மட்டும்.

அடுத்த படம். கைகள் முன்னால் நீண்டிருந்தன. துழாவின.

அடுத்தது. இன்னும் அருகே.

அடுத்தது. இரண்டு உள்ளங்கைகள். விரித்த பத்து விரல்கள். லென்ஸில் அறைந்தபடி.

சாப்பிட்டவன் எழுந்தான். ஈரமில்லாத கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கதவோரம் போனான். மேல் அறை விளக்கின் சுவிட்ச் அங்கே இருந்தது. அதன் மீது ஒரு விரலை வைத்தான்.

"ஆளில்லாத ரூமுக்கு எதுக்கு லைட்டு?" நாகராஜனின் குரல்தான். "அணைச்சிரவா இந்து?"

அவன் விரலை அழுத்தவில்லை. புன்னகையோடு அவள் பதிலுக்குக் காத்து நின்றான். திரையில், சத்தமே இல்லாமல், அந்தப் பத்து விரல்களும் வெள்ளை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றன.