கல்லீரல் விழிக்கும் நேரம்

அல்போன்சா தேநீரைக் கணவன் முன் வைத்துவிட்டு அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். வீட்டுக் கடிகாரத்தில் காலை ஏழு. அவனுடைய கல்லீரல்காட்டியில் பின்னிரவு மூன்று.

"இன்னும் தூங்குது. மாத்திரை இப்ப வேண்டாம்," என்றாள்.

செவ்வாய்க் கிரகத்தின் கூரைநகரில் தொள்ளாயிரம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களுடைய பிராணவாயுக் குழாய்களைப் பழுதுபார்க்கத் தெரிந்தவன் அவள் கணவன் இருதயராஜ் ஒருவன்தான். செம்புழுதி அவன் நுரையீரலை அரித்துக்கொண்டிருந்தது. அதற்கு மருந்து உண்டு. ஆனால் கல்லீரல் தூங்கும்போது விழுங்கினால் அது உடலில் தேங்கி விஷமாகிவிடும். இருபது வருடக் குடியில் அவன் கல்லீரலுக்குப் பகல் எது, இரவு எது என்பதே மறந்துபோயிருந்தது.

நகரமன்றத்தில் டாக்டர் சபீனா இரண்டு வழி சொன்னார். "வெளிச்சமும் கல்லீரலும் ஒத்துப்போனாத்தான் மருந்து பிடிக்கும். ஒண்ணு, அவர் குடியை விடணும். இல்லேன்னா அதோட நேரத்துக்கு நாம விடிய வைக்கணும்."

"விட்டா கை நடுங்கும் டாக்டர்," என்றான் இருதயராஜ். "நடுங்குற கையோட குழாயைத் தொடவா?"

மன்றத்தினர் தங்கள் மூச்சை நினைத்துக்கொண்டார்கள். ஒருவனைக் குடிக்காதே என்று சொல்வதைவிடச் சூரியனை நகர்த்துவது சுலபம் என்று ஒருமனதாக முடிவாயிற்று. கூரையில் எரியும் செயற்கைச் சூரியனை அவன் கல்லீரலோடு இணைத்தார்கள்.

அதன்பின் கல்லீரல் விழித்தபோதுதான் ஊருக்கு விடிந்தது. ஒரு வியாழக்கிழமை இரண்டு முறை உச்சிவெயில் அடித்தது. அடுத்த புதன் விடியவே இல்லை. ஒரு கல்யாணத்தில் முகூர்த்தம் மூன்று முறை தள்ளிப்போய், மாப்பிள்ளை மணமேடையிலேயே தூங்கிவிட்டார்.

இருதயராஜுக்கு இருமல் குறைந்தது. ஆனால் அந்த மாப்பிள்ளையின் தலை சாய்ந்ததைப் பார்த்த அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாட்டில்களைத் தொட்டியில் கவிழ்த்தான். டாக்டரின் மேற்பார்வையில் பதினோரு நாள் நடுங்கினான். குழாய் மாட்டும்போது அல்போன்சா அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் நடுக்கம் நின்றது. அன்றுமுதல் தினமும் சரியாக ஆறு மணிக்கு விடிந்தது. சூரியனின் இணைப்பைத் துண்டிக்கும் தீர்மானம் மட்டும் மன்றத்தில் நிலுவையில் இருந்தது.

ஒரு ஞாயிறு மாலை வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். முன்னால் மன்றத் தலைவர் குலோத்துங்கன், கையில் துணி சுற்றிய பாட்டில். பக்கத்தில் பள்ளித் தலைமையாசிரியை.

"தப்பா நினைக்காதீங்க தம்பி," என்றார் தலைவர். "தினம் ஆறு மணிக்கு எழுந்திருக்க யாராலயும் முடியல. நாளைக்குத் திங்கக்கிழமை வேற."

"அவரு விட்டு இருபது நாளாச்சுங்க," என்றாள் அல்போன்சா.

"தெரியும்மா, எங்களுக்கெல்லாம் ரொம்பப் பெருமை," என்றார் தலைமையாசிரியை. "ஒரே ஒரு டம்ளர். ஒம்பது மணிக்கு விடிஞ்சாப் போதும்."