இரண்டாவது மெட்டு

"அந்த மைக்கை மொதல்ல உள்ள எடுங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சில்வியா டீச்சருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்... கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டுகிற குரல் அது. தருமபுரியிலிருந்து மாரண்டஹள்ளி போகிற பஸ். வெளியே பேய் மழை. ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்ட அரை இருட்டில், பின் சீட்டுக்காரன் பூனைக்குட்டி மாதிரி முடி அடர்ந்த ஒரு மைக்கை அவள் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் கோபம் வராமல் என்ன வரும்?

"இல்லைங்க... மழைங்க... இந்தத் தகரத்து மேல விழுற சத்தம்..." அவன் பதறிப்போய் எழுந்தே விட்டான்.

"மழைச் சத்தம் வேணும்னா எறங்கி நனைஞ்சுக்கிட்டே புடிங்க. நான் எங்கம்மாகிட்ட போன்ல பேசிக்கிட்டிருந்தேன். அதையும் சேத்துப் புடிச்சிருப்பீங்கல்ல? அழிங்க!"

"தருமபுரி தாண்டினதுலேர்ந்து புடிச்சது டீச்சர்... இப்படி ஒரு மழை மறுபடி கெடைக்காதுங்க."

"அழிங்க... மொதல்ல அழிங்க!"

அழித்தான். அழித்துவிட்டு, காலியான திரையை அவளிடம் திருப்பிக் காட்டினான். அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள் சில்வியா. அடப்பாவமே... இவ்வளவு வருத்தமா ஒரு மழைக்கு? சண்டை போட்டு ஜெயித்த சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் என்னமோ பண்ணியது அவளுக்கு.

"டீச்சர்னு எப்படித் தெரியும்?" என்றாள், கொஞ்சம் இறங்கி வந்து.

"இந்தக் குரல்ல வேற யாரு திட்டுவாங்க?"

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். அடக்கியதை அவன் பார்த்துவிட்டான். கெட்டிக்காரன்தான்!

பெயர் ஜோசப் ராஜ். சொந்த ஊர் அரூர். சென்னையில் பெரிய பெரிய இசையமைப்பாளர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து கீபோர்டு வாசிக்கிறவன். அவன் போட்ட மெட்டுகள் ஊரெல்லாம் ஒலிக்கின்றன... அடுத்தவர் பெயரில். இந்தத் தடவையாவது சொந்தப் பெயர் திரையில் வரவில்லை என்றால், அரூரில் மாமாவின் உரக்கடையில் வந்து உட்கார்ந்துவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறான்.

"என்ன படம்?"

"நெலாவுல நடக்குற கதைங்க. கோடி கோடியா கொட்டி எடுக்குறாங்க. ஒரு நாவல்தான். மூணு பேர்கிட்ட ஒரே காட்சிக்கு மெட்டுப் போடச் சொல்லியிருக்காங்க. பேர் ஒட்டாம, நம்பர் மட்டும் போட்டுக் கேட்டுட்டு ஒருத்தரை எடுப்பாங்களாம். மத்த ரெண்டு பேரும் பெரிய ஆளுங்க. நான் ஒருத்தன்தான் பஸ்ஸுல வர்றவன்."

"நெலாவுல எங்க பாலக்கோட்டு பஸ் ஓடுதா?"

"ஓடலைங்க. ஆனா அந்த நாவலை எழுதினவரு இந்தப் பக்கத்து ஆளு. அருள்நாதன்னு பேரு. அவரு காதுல விழுந்ததெல்லாம் என் காதுலயும் விழணும்னுதான் வந்தேன். அவரு வூடு எங்கன்னு தெரியுமாங்க?"

சில்வியா கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டாள்.

தெரியாமல் என்ன... அருள்நாதன் அவளுடைய அப்பா. தக்காளி போடுகிறவர். ராக்கெட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பொம்பளை பிசிக்ஸ் பற்றிக் கதை எழுதினால் யார் படிப்பார்கள் என்று பயந்து, அப்பா பெயரில் ஒளிந்துகொண்டு எழுதியதே சில்வியாதான்! அது மட்டுமா? "எனக்கும் தயாரிப்பாளருக்கும் ஒத்துப்போகலைன்னா கதை எழுதின நீங்க சொல்றதுதான் முடிவு" என்று டைரக்டர் சுசித்ரா போன வாரம்தான் சொல்லியிருந்தாள். இவனைத் தேர்ந்தெடுக்கிற கையும் அவள் கைதான்.

"அவரு... ஊர்ல இல்ல. வேளாங்கண்ணி போயிருக்காரு" என்றாள். மாதாவே மன்னிச்சுக்கோ!

"ரொம்ப வயசானவரா இருப்பாருல்ல?"

"ம்... ரொம்ப."

"இருந்தாலும் எளவயசுல யாரையோ உசுருக்கு உசுரா விரும்பியிருக்காருங்க. இல்லாட்டி அந்தக் கடைசிக் காட்சியை எழுதியிருக்கவே முடியாது."

சில்வியா சட்டென்று ஷட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாரையுமே விரும்பியதில்லை அவள்... அந்த நிமிடம் வரைக்கும்.

அந்தக் கடைசிக் காட்சிக்குத்தான் மூன்று பேரும் மெட்டுப் போட வேண்டும். காற்றே இல்லாத இடம். காதில் பேசுகிற கருவி செத்துப்போய்விட்டது. பக்கத்திலேயே நின்று கத்தினாலும் ஒருத்தர் குரல் இன்னொருத்தருக்குக் கேட்காது. கையுறை போட்ட விரல்களைப் பிடித்து அழுத்தி, அழுத்தியே பேசிக்கொள்கிறார்கள் இரண்டு பேர்... மூச்சு தீரும் வரைக்கும்.

"இந்த வெரல் பாஷை எங்கேர்ந்து வந்ததுன்னு மட்டும் புரியல டீச்சர்" என்றான் ஜோசப், பஸ் பாலக்கோட்டில் நின்றபோது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "சனிக்கிழமை மாட்டுச்சந்தைக்கு வாங்க, காட்டுறேன்" என்றுவிட்டாள்.

வந்தான். அன்றைக்கென்று பார்த்து வெயில் சுள்ளென்று அடித்தது. தரகர் மாதையன் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். துண்டுக்கு அடியில் இரண்டு பேர் கையைப் பிடித்து, விரலைத் தொட்டே மாட்டுக்கு விலை பேசி முடிக்கிறதைப் பார்த்து ஜோசப் வாயைப் பிளந்தான்.

"வெளிய ஒரு வார்த்தை வராதாங்க?"

"வந்தா வெலை சுத்தி நிக்கறவனுக்கெல்லாம் தெரிஞ்சிரும்ல தம்பி. டீச்சரம்மா, நீ கையக் குடு. தம்பி, நீ புடி. புடிச்சுப் பாத்தாத்தான் புரியும்" என்ற மாதையன், இருவர் கைக்கும் மேலே தன் துண்டைப் போட்டுவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று போயே போய்விட்டார்!

மேலே பச்சைத் துண்டு. அடியில் இரண்டு கை. சந்தை முழுக்க மாடு கத்துகிறது, டீக்காரர் கத்துகிறார், டெம்போ ஹாரன் அடிக்கிறது... சில்வியாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் அவளுடைய ஒரே ஒரு விரலைத்தான் பிடித்திருந்தான். அதுவும் பட்டும் படாமல்.

"இதுக்கு என்ன வெலைங்க?" என்றான் மெதுவாக.

"விக்கறதுக்கில்ல" என்று கையை உருவிக்கொண்டு நடந்தாள். முகம் பூராவும் சூடு. நான்தான் அருள்நாதன் என்று சொல்லிவிட வேண்டும் என்று வந்தவள்... சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் அவன் சென்னைக்கே போய்விட்டான்.

அடுத்த வாரம் மூன்று மெட்டுகளும் போனில் வந்து இறங்கின. பள்ளி விட்டதும் யாருமில்லாத லேபில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டாள்.

முதலாவதில் நூறு பேர் சேர்ந்து பாடினார்கள். பிரமாதம்தான். ஆனால் இரண்டு பேர் இருக்கிற இடத்தில் நூறு பேருக்கு என்ன வேலை?

இரண்டாவது ஒரு புல்லாங்குழலில் தொடங்கியது. படபடவென்று ஏறியது... சட்டென்று நின்றது... மறுபடி அதே இடத்துக்கு இன்னும் வேகமாக ஏறியது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே... அய்யோ! அழிங்க... மொதல்ல அழிங்க! அவள் திட்டிய அதே ஏற்றம், அதே இறக்கம். அந்தத் திட்டைச் சுற்றிச் சுற்றி ஒரு வயலின் கெஞ்சிக்கொண்டே வந்தது. இப்படிக்கூட ஒருத்தியைக் கேட்டிருக்க முடியுமா ஒருத்தனால்? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. திரும்பக் கேட்டாள். திரும்ப அழுதாள்.

மூன்றாவதில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கனமாக ஒரு துடிப்பு. நீண்ட அமைதி. மறுபடி ஒரு துடிப்பு... எலும்பு வழியாக, கையுறை வழியாக மட்டுமே வரக்கூடிய சத்தம். போகப் போகத் துடிப்புகள் தள்ளித் தள்ளி விழுந்தன. கடைசியில் ஒன்று வரவேண்டிய இடத்தில் வரவே இல்லை. சில்வியா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவள் எழுதியபோது மனசுக்குள் கேட்டது இதுதான். இதேதான்.

அன்று மாலை சுசித்ரா கூப்பிட்டாள். "தயாரிப்பாளர் ஒண்ணாவதுங்கறார். எனக்கு ரெண்டும் புடிச்சிருக்கு, மூணும் புடிச்சிருக்கு. நீங்க சொல்லுங்க சில்வியா, அதோட முடிச்சிடலாம்."

ஒரு நாள் டைம் கேட்டாள். இரண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் பெயர் திரையில் வரும். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நிலாவில் மூச்சு முட்டிக்கொண்டு நிற்கிற அந்த இரண்டு பேர்... அவர்களுக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"மூணு" என்றாள் மறுநாள். "மேடம், இன்னொண்ணு. ரெண்டாவது யாருதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா மூணுங்கறீங்க?" என்று மட்டும் கேட்டாள் சுசித்ரா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அப்பாவும் அவளும் தக்காளி பறித்துக்கொண்டிருந்தபோது வரப்பில் ஒரு ஆள் வந்து நின்றான். வேகாத வெயிலில், வியர்த்து விறுவிறுத்து... ஜோசப்! சில்வியா செடிக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அருள்நாதன் ஐயா தோட்டம் இதுதாங்களா?"

"நான்தான் தம்பி. என்ன சேதி?"

"கும்பிடறேங்க. மெட்டு வேணாம்னு சொன்னதுக்குச் சண்டை போட வரலைங்க. ஏன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். உங்க நாவலை ஏழு தடவை படிச்சவன் நானு."

"நாவலா?" அப்பா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சிரித்தார். "பேருதான் தம்பி என்னுது. எழுதுறதெல்லாம் எம் பொண்ணு. ஏ கண்ணு... சில்வியா! இங்க வா!"

எழுந்து நின்றாள். வேறு வழி?

ஜோசப் அவளையே பார்த்தான். பஸ்ஸில் பார்த்த வருத்தம் இல்லை அது. இது வேறு. "வேளாங்கண்ணியிலேர்ந்து எப்ப வந்தீங்க ஐயா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டான். கேட்டுவிட்டுத் திரும்பி விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தான்.

"என்ன கண்ணு, அந்தத் தம்பி..." அப்பா கேட்டு முடிப்பதற்குள் சில்வியா பறித்த தக்காளியும் கையுமாக, செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

"நில்லுங்க!"

"எதுக்குங்க? இன்னும் என்ன அழிக்கணும்?"

"தப்பு எம் மேலதான். பஸ்ஸுலயே சொல்லியிருக்கணும், சொல்லல. அதுக்கு எவ்ளோ வேணா திட்டிக்கோங்க. ஆனா மூணாவதைச் சொன்னது தப்பில்ல."

"நம்பர்தான போட்டிருந்துச்சு. எது யாருதுன்னு உங்களுக்கென்ன தெரியும்? அதுல தப்பு சொல்ல நான் வரலைங்க."

"தெரியும்."

அவன் நின்றான்.

"புல்லாங்குழல் ஏறி எறங்கினதுமே தெரிஞ்சிருச்சு. என் திட்டு எனக்குத் தெரியாதா?" "திரும்பத் திரும்பக் கேட்டேன். இத்தன வயசுல யாரும் எனக்காக ஒரு சின்ன வெசில்கூட அடிச்சதில்ல. ரெண்டுன்னு சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்ல முடியலைங்க. அந்த ரெண்டு பேரும் சாகப்போறாங்க. உங்க மெட்டுல யாருமே சாகப்போறதில்ல... இப்பத்தான் ஒருத்தன் ஒருத்தியப் பாத்திருக்கான். அதை நான் எப்படி நெலாவுக்கு அனுப்புவேன்?"

ஜோசப் வரப்போரம் கவிழ்ந்து கிடந்த தக்காளிக் கிரேட்டு மேலே பொத்தென்று உட்கார்ந்தான். ஒரு மண்கட்டியை எடுத்து விரலால் நொறுக்கினான். அவன் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. களைப்பு மட்டும் மிச்சமிருந்தது.

"சுசித்ரா மேடம் மூணாவதை எனக்குப் போட்டுக் காட்டினாங்க" என்றான். "அதுதான் சரி. எனக்கே உள்ளுக்குள்ள தெரிஞ்சுது. ஒத்துக்க மனசு வரல, அதான் வரிஞ்சு கட்டிக்கிட்டுக் கெளம்பி வந்துட்டேன். மேடம் ஒண்ணு கேட்டாங்க... ஜோசப், ரொம்ப நல்லா இருக்கு, ஆனா இதை யாருக்குப் போட்டீங்கன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. காட்சியைப் போட்டு வச்சுக்கிட்டுத்தாங்க உக்காந்தேன். சத்தியமா நெலாவைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கை அது பாட்டுக்கு வேற எங்கேயோ போயிருச்சு..."

"இப்ப... உரக்கடையா?" என்றாள் சில்வியா.

"வாக்குக் குடுத்துட்டேனே. போய் மாமா கால்ல விழுந்து இன்னொரு வருஷம் கேக்கணும். தோத்தவன் கேட்டா குடுப்பாங்களா, தெரியல." எழுந்து பேண்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். அவள் கண்ணை நேராகப் பார்த்தான். "படத்துக்கு வேணாம்னுட்டீங்க. சரிங்க. அதுல வருத்தமில்ல. ஆனா அந்த மெட்டை வேற எந்தப் படத்துக்கும் நான் குடுக்க முடியாது. அது போற எடம் ஒண்ணே ஒண்ணுதான்... உங்களுக்கு வேணுமாங்க?"

தூரத்தில் அப்பா, தம்பி சாப்பிட்டுட்டுப் போகட்டும் என்று கத்திக்கொண்டிருந்தார். எந்தக் கேள்வி கேட்டாலும் மூன்று பக்கத்துக்குப் பதில் சொல்லும் பிசிக்ஸ் டீச்சருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் அகப்பட்டது. தாவணியுமில்லை, துப்பட்டாவுமில்லை, முகத்தை மறைக்க கையிலிருந்த இரண்டு தக்காளியைத் தவிர ஒன்றுமில்லை.

"வேணும்" என்றாள்.

"மெட்டு மட்டுமாங்க?"

"ஆளும்தான்..."