கயிறு பிடித்தவன்

பாறைக்கு அடியில் பிணம் கிடந்தது.

பிணத்துக்கு மூக்கு அரித்தது.

"அண்ணாச்சி... லேசா சொறிஞ்சுக்கிடட்டா?"

"செத்தவன் சொறியமாட்டாம்ல. பேசாமக் கெட." பல்லைக் கடித்தான் ஜஸ்டின்.

தென்காசியில் தொண்டு நிறுவனம் நடத்துகிறவன் ஜஸ்டின். வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலைமேல் இருக்கும் பளியர் பழங்குடியினர் குடியிருப்புக்கென்று சென்னை அறக்கட்டளை ஒன்றிடம் நிதி வாங்கியிருந்தான். மழை பொய்த்து ஊற்று வற்றிவிட்டது, சூடு கூடி டெங்கு கொசு மலைக்கே குடிவந்துவிட்டது, தண்ணீர்த் தொட்டியும் காய்ச்சல் பார்க்க ஓர் அறையும் கட்டுகிறோம் என்று உருக்கமாக எழுதியிருந்தான்.

எழுதியதெல்லாம் நிஜம். கட்டியதுதான் இல்லை.

பணம் இலஞ்சியில் தென்னந்தோப்பு நடுவே மாடி வீடாக எழும்பி நின்றது. அப்படியொரு வீடு இருப்பதே மனைவி ஜாய்க்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

இப்போது அறக்கட்டளை அதிகாரி முத்துசெல்வி நேரில் பார்க்க வந்திருக்கிறாள். குற்றாலத்தில் ரூம் போட்டு, அருவியில் குளிக்க வைத்து, அப்படியே ரயிலேற்றிவிடப் பார்த்தான். சீசனில்கூட அருவியில் தண்ணீர் இல்லை.

அவள் மலையேறிவிட்டால் ஜஸ்டின் கம்பி எண்ண வேண்டியதுதான்.

அதனால்தான் இந்தச் சாவு. பாறைத்தேன் எடுக்கக் கயிற்றில் இறங்கியவன் விழுந்துவிட்டான், ஊரே துக்கத்தில் இருக்கிறது, வெளியாள் போகக்கூடாது...

கோயில் கொடையில் கோமாளி வேஷம் கட்டும் இசக்கிமணிதான் பிணம். விஷயம் வெளியே கசியக்கூடாதே! ஜாயின் தம்பி பென்னியையே கையில் கயிற்றோடு நிறுத்தியிருந்தான்.

"மாப்ள, மூஞ்சிய உம்முன்னு வச்சுக்க. உன் தம்பி செத்திருக்கான்."

"சரி அத்தான்."

ஜீப் வந்து நின்றது. முத்துசெல்வி இறங்கி வந்தாள். பிணத்தைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள்.

"அடப்பாவமே. மேல நின்னு கயிறு பிடிச்சது யாரு?"

"இவந்தான் மேடம்... கூடப்பொறந்த அண்ணன். கை வழுக்கிட்டு." ஜஸ்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணனா? அப்ப இது கொலை."

ஜஸ்டின் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"என்ன மேடம் சொல்லுதீங்க?"

"தேனுக்கு இறங்கும்போது பொண்டாட்டியோட கூடப்பொறந்தவன்தான் கயிறு பிடிப்பான். அக்கா தாலியை அவனே அறுப்பானா? அதான் மச்சினன் கையில உசிரைக் குடுக்கது. எங்க அப்பாவுக்கு எங்க மாமாதான் பிடிச்சாரு. இதே மலைதான்."

இதே மலையா?

அவள் ஜீப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏட்டையா, இங்கன வாங்க. பாடியை போஸ்ட்மார்ட்டத்துக்கு எடுத்துட்டுப் போகணும்."

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"அண்ணாச்சி, அறுக்கதுக்கெல்லாம் நீரு பேசலையே!"

சொல்லிவிட்டு ஆசை தீர மூக்கைச் சொறிந்தது.

"மேடம்... இது வந்து... விழிப்புணர்வு நாடகம்," என்றான் ஜஸ்டின்.

"நேத்து குற்றாலத்துல ரூம்லயா இருந்தேன்னு நெனச்சீங்க? மேல போயிட்டு வந்துட்டேன். தொட்டியும் இல்ல, அறையும் இல்ல. காய்ச்சல்ல கெடந்த எங்க சின்னம்மாவைத் தூளி கட்டித்தான் கீழ தூக்கிட்டு வந்தோம்." அவள் குரலில் இருந்தது கோபம்தான். "இனிமே நிதி ஊர்க் கமிட்டிக்கே நேராப் போகும்."

"உங்களை மேல போய்ப் பாக்கச் சொன்னது யாரு?"

முத்துசெல்வி பென்னியைப் பார்த்தாள்.

"ஏலே மாப்ள... நீயா? மச்சினன் கயித்தை விடமாட்டான்னு இப்பத்தானல அந்தம்மா சொன்னாவ. உங்க அக்காவை ஒரு நிமிஷம் நெனச்சியால?"

பென்னி கயிற்றை நிதானமாகச் சுருட்டி ஏட்டையா கையில் கொடுத்தான்.

"நெனச்சேன் அத்தான். இலஞ்சி வீட்டு வாசல்ல வேற ஒருத்தி கோலம் போட்டதை அக்கா பாத்துட்டா. கயித்தை விடச் சொன்னதே அவதான்."