இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

மதியத் தூக்கத்திலிருந்து அக்கா விழித்தபோது தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கண்ணயர்வதற்கு முன் அவனை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

மாடிப்படியில் விழுந்து, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் போய்ப் பதினோரு வருடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். முழங்கால்களுக்கு நடுவே தலையணைகூட அவள் செருகுவது போலவே செருகியிருந்தது.

"யாருடா திருப்பினது?"

"நீதானே அக்கா."

தூக்கக் கலக்கத்தில் செய்திருப்பாள். எழுபத்திரண்டு வயதில் கை முன்னால் போகிறது, தலை பின்னால் வருகிறது. போனில் தங்கையிடம் சொன்னாள்.

"ஒரு ஆள் வச்சுக்கோயேன்க்கா."

"வந்த மூணு பேரும் ஓடிட்டாளுங்க."

"அவனைப் பார்த்தா ஓடினாளுங்க? உன் வாயைப் பார்த்துல்ல!"

சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளாக அழுகையும் வருவதில்லை.

மறுநாள் தன் மணிக்கட்டை நாற்காலியின் கையோடு துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு அவனருகே உட்கார்ந்தாள். மருந்து நெடியும், காயாத துணிகளின் புளித்த வாடையும், மின்விசிறியின் ஒரே சீரான முனகலும் சேர்ந்து இமைகளை மெல்ல மெல்லக் கீழே அழுத்தின.

விழித்தபோது முடிச்சு அப்படியே இருந்தது. தம்பி திரும்பியிருந்தான். தலை வாரி, முகத்தில் பவுடர் பூசியிருந்தது. கட்டிலைச் சுற்றித் தரையில் ஈரக் காலடிகள். அவளுடையதைப் போலவே இடது காலைச் சற்று இழுத்த காலடிகள். குனிந்து தன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

பயந்திருக்க வேண்டும். 'அப்பாடா' என்றுதான் இருந்தது.

முடிச்சை அவிழ்த்தாள். அவனுக்கான சாப்பாட்டைக் கிண்ணத்தில் போட்டுக் கட்டிலருகே வைத்தாள். நாற்காலியைக் கூடத்துக்கு இழுத்து வந்தாள். அறைக் கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கிண்ணத்தில் கரண்டி தட்டும் சத்தம்.

"போதும் அக்கா," என்றான் தம்பி, உள்ளே.

கரண்டி தட்டியது.

"போதும்க்கா. வயிறு முட்டுது."

தட்டியது.

"அக்கா..." வாய் நிறைந்த குரல். பிறகு குரலே இல்லாத ஒரு சத்தம்.

கதவுக்கு நான்கு அடி. அவள் எழவில்லை. தலையைப் பின்னால் சாய்த்தாள். கண்கள் மூடின.

கரண்டி தட்டிக்கொண்டிருந்தது. நிதானமாக. அவளுக்கு ஒரு காலத்தில் இருந்த பொறுமையோடு.