குஞ்சம்மாள் கண் விழித்தபோது

தஞ்சாவூரில் அந்த மனநல ஆஸ்பத்திரி ஒரு பழைய பங்களாவில் இருந்தது. கஞ்சித் தூக்கோடு நான் நுழைந்தபோது நல்ல பகல். ஆனாலும் கூடத்தில் விளக்கு எரிந்தது. ஃபினாயில் நெடிக்கு அடியில் வயல் சேற்றின் வாசனை. டவுனுக்கு நடுவில் சேறு எங்கிருந்து வந்தது என்று அப்போதே திக்கென்றது.

என் தங்கை விண்ணரசிக்குப் பைத்தியம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆட்சி மாறி, குத்தகைக்காரனை இஷ்டத்துக்கு விரட்ட முடியாது என்று சட்டம் வந்திருந்த சமயம். அதை நம்பி அவள் புருஷன் குழந்தைராஜ், மிராசுதார் இராஜாங்கத்திடம் நிலத்தை விட மாட்டேன் என்றான். அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வயலுக்குப் போனவன் திரும்பவில்லை. தேடிப்போன விண்ணரசி, "கொன்னு பொதச்சுட்டாங்க, என் கண்ணால பாத்தேன்" என்று கத்திக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"புருஷன் ஓடிப்போன துக்கத்துல புத்தி பேதலிச்சிருச்சு. பாவம், வைத்தியச் செலவு என்னுது" என்றார் இராஜாங்கம். அந்தக் கருணையில் இடி விழ! எங்கள் கண்ணிலேயே காட்டாமல், ஸ்டேஷனிலிருந்தே அவளைக் காரில் ஏற்றிவிட்டார்கள். அவள் எங்கே என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

கரண்ட் வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்கள் அதனால் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நோயே இல்லாதவள் தலையில் அதை வைக்கச் சொன்னவனையும் வைத்தவனையும்தான் சொல்கிறேன். நாசமாய்ப் போகட்டும்.

விண்ணரசியின் நெற்றிப்பொட்டு இரண்டு பக்கமும் கன்றியிருந்தது.

"எங்கடி பொதச்சாங்க? அத மட்டும் சொல்லு" என்றேன் காதோடு.

"யாரக்கா?"

"ஒன் புருஷன்டி!"

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "எனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

இடம் தெரியாமல் உடல் கிடைக்காது. உடல் இல்லாமல் வழக்கும் கிடையாது. அந்த இடம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அப்போது இராஜாங்கம் தன் மனைவி குஞ்சம்மாளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அந்த அம்மாவுக்கு நிஜமாகவே நோய். பிள்ளை இறந்ததிலிருந்து வாயில் ஒரு பருக்கை வைக்கவில்லை. கரண்ட் வைக்கும் அறைக்குள் கொண்டுபோனார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. பல்லுக்கிடையில் துணியைத் திணித்துவிட்டு, நாலு பேர் தோளையும் முட்டியையும் அமுக்கிப் பிடித்தார்கள்.

கூடத்து விளக்கு மங்கியது.

உடம்பு வில்லாக வளைந்து அடங்கியது.

சேற்று வாசனை மூக்கை அடைத்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கண் விழித்தார்.

"குஞ்சு, நான்தான்" என்றார் இராஜாங்கம்.

அவரைப் பார்த்ததும் அந்த அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"அடிக்காதீங்கய்யா."

என் தங்கையின் குரல்.

நான் திரும்பிப் பார்த்தேன். விண்ணரசி என் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"செத்தவர ஏங்கய்யா இன்னும் அடிக்கிறீங்க? மதகுக்குக் கெழக்க, நாத்தங்கால்ல போட்டு மூடுறீங்களே... காலு வெளிய தெரியுதே..."

இராஜாங்கம் பாய்ந்து வாயைப் பொத்தினார். அந்த அம்மா அவர் கையைக் கடித்து ரத்தம் வரவைத்தார்.

நான் அங்கே நிற்கவில்லை. விவசாயிகள் சங்கத்து ஆட்களைத் திரட்டி, தாசில்தாரை இழுத்துக்கொண்டு போய், மதகுக்குக் கிழக்கே தோண்ட வைத்தேன். முதலில் கால்தான் தெரிந்தது.

இராஜாங்கம் ஜாமீனில் வந்துவிட்டார், வராமல் என்ன? பைத்தியத்தின் பேச்சு சாட்சியாகாது என்று, அவர் வக்கீலே அவர் பெண்டாட்டியைப் பைத்தியம் என்று வாதாடினார். தூ!

கல்லறைத் திருநாள் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மீட்டு வந்திருந்த விண்ணரசியைக் கூட்டிக்கொண்டு குழந்தைராஜின் கல்லறைக்குப் போனேன். எங்களுக்கு முன்பே அங்கே ஒருத்தி மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

குஞ்சம்மாள்.

இராஜாங்கம் உயிரோடுதான் இருந்தார். ஆனால் அவர் மனைவியின் நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் தாலியில்லை. கோயிலைத் தவிர வேறெதுவும் அறியாத அந்த மிராசு வீட்டுப் பெண், எங்களைப் போலவே சிலுவை போட்டுவிட்டு, மண்ணில் கன்னத்தை வைத்துக் கிசுகிசுத்தாள்.

"மாமா... எந்திரிங்க. சோறு ஆறிப்போவுது."

விண்ணரசி என் கையை இறுகப் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"யாருக்கா அந்தம்மா? பாவம், புருஷன் செத்துட்டாரா?"