ஒரு நூல்

நாற்பது வேகத்தில் வரும் நடுக்கம் அன்று இருபதிலேயே வந்தது. ஸ்டியரிங் அவன் உள்ளங்கைக்குள் மீன்போலத் துள்ளியது. ஜீப்பைப் பட்டறைக்குள் ஏற்றி நிறுத்திய பிறகும் விரல்கள் சற்று நேரம் ஆடிக்கொண்டே இருந்தன.

இதே நடுக்கத்தைத் தம்பி சொன்னபோது, "டயர் பேலன்ஸ்தான்டா, ஓட்டு" என்று இவன்தான் சொல்லியிருந்தான். அதற்கு நான்காம் நாள் மலை வளைவில் ஜீப்பிலிருந்து தூக்கி எறியப்பட்டுத் தம்பி செத்துப்போனான். ஜீப்புக்கு ஒரு கீறல்கூட இல்லை.

தம்பி மனைவிக்கு மலைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை சேர வேண்டும். அந்தப் பாதையில் ஏறக்கூடிய வண்டி இது ஒன்றுதான். குழந்தையோடு அவளே ஓட்டிப் போவாள். டயர், பேரிங், ஸ்டியரிங் கம்பி முனைகள் எல்லாம் மாற்றியாயிற்று. நடுக்கம் போகவில்லை.

"இனி மாத்த என்ன மாமா இருக்கு? டிரைவரைத்தான் மாத்தணும்" என்றாள், ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தபடி.

"நீ பேசாம ஆட்டும்மா."

ஒருவர் மேலே இருந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்ட வேண்டும். மற்றவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்கே 'டக்' என்கிறதோ அங்கே கோளாறு. எப்போதும் தம்பி மேலே, இவன் கீழே.

தகரக் கூரையில் பிற்பகல் மழை இரைந்து பெய்தது. பழைய கிரீசும் ஈரமண்ணும் சேர்ந்த வாடை மூக்கில் ஏற, கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் கேட்டபடி அவன் மூட்டு மூட்டாக நகர்ந்தான். அவள் பயந்து பயந்து ஆட்டினாள். எங்கும் சத்தமில்லை. நடுவில் கொஞ்சம் நின்றது. பிறகு ஆட்டம் மாறியது. இரண்டு சின்ன ஆட்டல், ஒரு பெரிய ஆட்டல். இரண்டு சின்னது, ஒன்று பெரியது.

தம்பி ஆட்டும் கணக்கு அது. அவளுக்கு யாரும் அப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை.

தலையைத் திருப்பினான். பட்டறைக் கோடியில், குழாயடியில், அவள் கால்கள். விழித்துக்கொண்ட குழந்தைக்கு முகம் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

மேலே ஆட்டம் நிற்கவில்லை.

ஓடிவிடலாம். ஓடினால் விடிந்ததும் அந்த இரண்டு பேரும் இதில் ஏறுவார்கள். அவன் கையை இன்னும் உள்ளே நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் ஆட்டுடா," என்றான். "ஒரே ஒரு தடவை."

டக்.

அச்சைச் சட்டத்தோடு பிடிக்கும் குறுக்குக் கம்பி. அதன் போல்ட். துளை முட்டைபோல நீண்டிருந்தது. போன வருடம் அவசரத்தில், கைக்குக் கிடைத்ததென்று அவனே போட்ட போல்ட். துளைக்கு ஒரு நூல், அரைக்கால் அங்குலம், சின்னது.

"நான்தான்டா," என்றான். "நான்தான் போட்டேன்."

ஆட்டம் நின்றது.

அவள் கால்கள் திரும்பி வந்தன. இடப்பக்கக் கதவருகே நின்றன.

"ஏறாதே" என்று கத்தினான். குரல் வரவில்லை. வெறும் காற்று.

"சரிங்க," என்றாள் அவள், யாருக்கோ. கூச்சத்தோடு. "பாப்பாவை மடியில வெச்சுக்கறேன்."

கால்கள் மேலே போயின. கதவு சாத்திக்கொண்டது. இடப்பக்க ஸ்பிரிங் தாழ்ந்தது. வலப்பக்கம், டிரைவர் பக்கம், ஏற்கெனவே தாழ்ந்திருந்தது.

கைப்பிரேக் விடுபட்டது.

இரண்டு கையாலும் அச்சைக் கட்டிக்கொண்டான். குதிகாலைத் தரையில் ஊன்றினான். இன்ஜின் ஓடவில்லை. சக்கரங்கள் உருண்டன. சிமெண்ட் தாண்டி, சேறு. முதுகுத் தோல் உரிந்தது. சாலைச் சரிவு.

தலைக்கு மேலே அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. கூடவே குழந்தையும்.

அவன் பிடிக்குள் அச்சு நடுங்கத் தொடங்கியது.